விக்கி நிறுவுவது பத்து நிமிஷ வேலை

கான்ஃப்ளூயன்ஸ் மென்பொருளின் சர்வர் பதிப்பை விற்பதை அட்லாசியன் நிறுவனம் 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி நிறுத்தியது. 2024 பிப்ரவரி 15-ஆம் தேதியோடு அதற்கான ஆதரவும் முடிந்தது. இடைப்பட்ட மூன்று வருஷங்களும் ஹைதராபாத்தின் மாதாப்பூர், கொண்டாப்பூர், கச்சிபௌலி பக்கம் சிஸ்டம் அட்மின் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்குக் கை நிறைய வேலை. சின்னக் கம்பெனிகள் பல, அலுவலக மூலையில் கிடக்கும் ஒரு மெஷினில் அந்த மென்பொருளைப் போட்டு, வேலைக் குறிப்புகளையெல்லாம் அதில்தான் வைத்திருந்தன. இனி என்ன செய்வது? கிளவுடுக்குப் போய்த் தலைக்கு இவ்வளவு என்று கட்டலாம். அப்போது டேட்டா சென்டர் பதிப்பும் வாங்க முடிந்தது. ஆனால் அதன் ஆரம்பக் கணக்கே 500 பேர். நாற்பது பேர் உட்காரும் அலுவலகத்தில் 500 பேருக்குப் பணம் கட்ட எந்த முதலாளியும் ஒத்துக்கொள்ள மாட்டார். மிச்சமிருந்தது ஒரே வழி: திறந்த மூல விக்கி ஒன்றை எடுத்து நம் சர்வரில் நாமே போட்டுக்கொள்வது.

"கண்டெய்னர்ல பத்து நிமிஷ வேலைதானே அண்ணா" என்பார்கள் கூட வேலை பார்க்கும் பையன்கள். தமிழ்ப் பையனானாலும் தெலுங்குப் பையனானாலும் இந்த ஊரில் நான் அண்ணாதான். அவர்கள் சொல்வது பொய்யில்லை. நிறுவ அவ்வளவு நேரம்தான் ஆகும். அதற்கு அப்புறம் வருகிற வேலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு கம்பெனிக்கு விக்கி எதற்கு என்பது, கணினிப் பயிற்சிக்குப் பேர்போன அமீர்பேட்டைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். மைத்ரிவனம் சுற்றுவட்டாரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு ஜெராக்ஸ் கடை ஸ்பைரல் போட்ட நோட்ஸ் அடுக்கி வைத்திருப்பார்கள். ஜாவா, ஆரக்கிள், லினக்ஸ், டாக்கர் என்று எந்தப் பாடத்துக்கும் 'மெட்டீரியல்' கிடைக்கும். அந்தக் கடைகளில் கிடைக்காத விஷயங்கள்தான் ஒரு கம்பெனியை ஓட்டுகின்றன. எந்த வாடிக்கையாளருக்கு வெள்ளிக்கிழமை ரிலீஸ் ஆகாது, எந்த சர்வரை ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் யாரிடம் சொல்ல வேண்டும், பழைய பில்லிங் நிரல் மாதக் கடைசியில் ஏன் தடுமாறுகிறது என்பதெல்லாம் இரண்டு மூன்று பேர் தலைக்குள் மட்டும் இருக்கும். அவர்களில் ஒருவர் பேப்பர் போட்டதும் நோட்டீஸ் பீரியடில் 'கேடி' (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்) என்று உட்கார வைத்துக் கேட்பார்கள். போகிறவர் ஞாபகம் இருக்கிறதைச் சொல்வார். வருகிறவர் புரிந்ததை எழுதிக்கொள்வார். மீதி போய்விடும்.

வார்ட் கன்னிங்ஹாம் 1995 மார்ச்சில் முதல் விக்கியை இணையத்தில் வைத்ததும் இப்படியொரு தேவைக்காகத்தான். நிரலாளர்கள் தாங்கள் கண்ட உத்திகளைத் தாங்களே எழுதி, ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தும் இடமாக அது இருந்தது. இன்றைக்கு அந்த வம்சத்தில் பல மென்பொருள்கள். விக்கிப்பீடியாவைத் தாங்குகிற மீடியாவிக்கி இருக்கிறது. ஆண்ட்ரியாஸ் கோர் 2004-இல் வெளியிட்ட டோக்குவிக்கி இருக்கிறது. அதற்குத் தரவுத்தளமே வேண்டாம், எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகள். நோட் ஜேஎஸ்ஸில் எழுதப்பட்ட விக்கி ஜேஎஸ் இருக்கிறது. டான் பிரவுன் 2015-இல் தொடங்கிய புக்ஸ்டேக் இருக்கிறது.

மீடியாவிக்கி இந்த ஊருக்குப் புதிதல்ல. தெலுங்கு விக்கிப்பீடியா 2003-இலிருந்து அதில்தான் ஓடுகிறது. ஐஐஐடி ஹைதராபாத்தில் இந்திய மொழி விக்கிகளுக்கென்றே ஒரு திட்டம் நடக்கிறது. 2023 ஏப்ரல் கடைசியில் விக்கி மாநாடு இந்தியா இங்கேதான் மூன்று நாள் கூடியது. ஆனாலும் அலுவலகத்துக்கு நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை. முழுக்கத் திறந்த இடத்தில் எல்லோரும் எழுதுவதற்காகப் பிறந்த மென்பொருள் அது. இந்தப் பக்கத்தை அக்கவுண்ட்ஸ் ஆட்கள் மட்டும் பார்க்கலாம், அந்தப் பக்கத்தை சப்போர்ட் ஆட்கள் திருத்தலாம் என்று பூட்டுப் போடுவது அதன் சுபாவத்துக்கு ஒத்து வராது. எங்களுக்கு நான் தேர்ந்தது புக்ஸ்டேக். அலமாரி, அதற்குள் புத்தகம், அதற்குள் அத்தியாயம், அதற்குள் பக்கம் என்கிற அமைப்பை எச்.ஆர். பெண்ணுக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. மென்பொருளை அட்மின் பார்வையில் தேர்ந்தெடுத்தால் அதில் அட்மின் மட்டும்தான் எழுதுவார்.

கண்டெய்னர் வருவதற்கு முன் ஒரு விக்கியை நிறுவுவது எப்படி இருந்தது என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். அப்பாச்சி போட வேண்டும், பிஎச்பி போட வேண்டும், மரியாடிபி போட வேண்டும். அதே மெஷினில் ஏற்கெனவே ஓடும் இன்னொரு நிரலுக்குப் பழைய பிஎச்பி தேவைப்படும். விக்கிக்குப் புதியது தேவைப்படும். ஒன்றை ஏற்றினால் மற்றது படுத்துக்கொள்ளும். இந்தச் சண்டையைத் தீர்க்கும் கருவிகள் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தன. ஒரு புராசஸுக்கு மெஷினில் அது மட்டுமே இருப்பதுபோலக் காட்டுவது நேம்ஸ்பேஸ். அது எவ்வளவு மெமரி, எவ்வளவு சிபியு தின்னலாம் என்று வரம்பு கட்டுவது சிகுரூப்; கூகுள் பொறியாளர்கள் தொடங்கிய அந்த வேலை 2008-இல் கெர்னலில் சேர்ந்தது. 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் டாக்கரை மேடையில் காட்டியபோது இவை இரண்டும் ஏற்கெனவே இருந்தன. டாக்கர் செய்தது, யார் வேண்டுமானாலும் கையாளும்படி அவற்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தது.

கைரதாபாத் கணேசரை வருஷா வருஷம் புதிதாகச் செய்கிறார்கள், ஹுசைன் சாகரில் கரைத்துவிடுகிறார்கள். மண்டபக் கமிட்டியின் கணக்கு நோட்டை யாரும் கரைப்பதில்லை. கண்டெய்னரை அந்தச் சிலையாகவும் தரவு தங்கும் வால்யூமை அந்த நோட்டாகவும் நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். புதிய பதிப்பு வந்தால் கண்டெய்னரைத் திருத்திக்கொண்டு இருப்பதில்லை. தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை நிறுத்துகிறோம். எழுதிய பக்கங்கள் இருக்கும் தரவுத்தளமும் ஏற்றிய படங்களும் வெளியே ஹோஸ்ட் மெஷினின் வட்டில் இருக்க வேண்டும்.

இனி, எந்தெந்தக் கண்டெய்னர் எப்படி ஓட வேண்டும் என்று எழுதி வைக்கும் கம்போஸ் கோப்பு. சேவைகள் இரண்டு: புக்ஸ்டேக் ஒன்று, மரியாடிபி ஒன்று. முப்பது நாற்பது வரிக்குள் முடிந்துவிடும். யாமல் கோப்பில் டேப் அடிக்கக் கூடாது, ஸ்பேஸ்தான். புதியவர்களின் முதல் ஒரு மணி நேரம் பெரும்பாலும் இதில்தான் போகும். இமேஜ் பெயருக்குப் பின்னால் 'லேட்டஸ்ட்' என்று போடுவதை நான் அனுமதிப்பதில்லை. பதிப்பு எண்ணை முழுசாக எழுதச் சொல்வேன். இன்றைக்கு 'லேட்டஸ்ட்' என்றால் ஒன்று, ஆறு மாதம் கழித்து இன்னொன்று. வேறு விக்கி போட்டு, மரியாடிபிக்குப் பதிலாக போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு இதில் ஆபத்து அதிகம். பெரிய பதிப்பு ஒன்று ஏறிவிட்டால், பழைய தரவு அடைவைப் புதிய சர்வர் தொடாது. கண்டெய்னர் எழுந்திருக்கவே மறுக்கும். பழைய பதிப்பில் டம்ப் எடுத்துப் புதியதில் ஏற்றுவது வரைக்கும் விக்கி கிடையாது.

சேவைகளை எழுப்பும் வரிசையும் பார்க்க வேண்டும். விக்கி தரவுத்தளத்தைச் சார்ந்தது என்று 'டிபெண்ட்ஸ் ஆன்' வரியில் எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அந்த வரி, தரவுத்தளக் கண்டெய்னர் கிளம்பிவிட்டதா என்று மட்டும் பார்க்கும். அது கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராகிவிட்டதா என்று பார்க்காது. முதல் தடவை மரியாடிபி தன் அட்டவணைகளை அமைத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுக்கும். அதற்குள் விக்கி எழுந்து, இணைப்பு இல்லை என்று விழுந்துவிடலாம். ஹெல்த்செக் ஒன்றை எழுதி, அது சரியென்று சொன்ன பிறகே விக்கி கிளம்பும்படி நிபந்தனை போட வேண்டும்.

முகவரியை நிறுவும் முன்பே முடிவு செய்ய வேண்டும். ஐபி எண்ணைப் போட்டு ஆரம்பித்து, பிறகு நல்ல பெயருக்கு மாறலாம் என்று விட்டால், அதுவரை பக்கங்களில் சேர்த்த படங்களின் இணைப்பெல்லாம் பழைய எண்ணையே காட்டும். மாற்ற ஒரு கட்டளை இருக்கிறது. ஆனால் அதைத் தேட வேண்டிய நிலைமை எதற்கு? நேர மண்டலத்துக்கு ஏஷியா-கொல்கத்தா என்று குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் லாக் நேரம் ஐந்தரை மணி பின்தங்கி, பிரச்சினை வந்த அன்றைக்குக் குழப்பும். புக்ஸ்டேக்குக்கு முதல் தடவை உள்ளே நுழையத் தரும் அட்மின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் உலகத்துக்கே தெரிந்தவை. உள்ளே போனதும் முதல் வேலை அதை மாற்றுவது. தேநீர் குடிப்பது அதற்கப்புறம்.

போர்ட் விஷயத்தில் அனுபவசாலிகளே ஏமாறும் ஓர் இடம் உண்டு. உபுண்டுவில் யுஎஃப்டபிள்யு ஃபயர்வால் போட்டு, 22-உம் 443-உம் தவிர எல்லாம் மூடியாயிற்று என்று நிம்மதியாக இருப்பார்கள். டாக்கர் போர்ட்டைத் திறக்கும்போது ஐபிடேபிள்ஸ் விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது. யுஎஃப்டபிள்யுவின் விதிகள் இருக்கிற பக்கமே அந்தப் போக்குவரத்து போவதில்லை. விபிஎஸ் ஒன்றில் இப்படி விட்டால், மூடியதாக நினைத்த விக்கியின் 6875 போர்ட் ஊருக்கே திறந்திருக்கும். கம்போஸ் கோப்பில் போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று சேர்த்துவிட்டால் அந்த மெஷினுக்குள் மட்டும் கேட்கும். வெளி வாசலில் என்ஜின்எக்ஸ் அல்லது கேடி (Caddy) என்ற வெப் சர்வர் நின்றுகொள்ளும். என்ஜின்எக்ஸ் வைத்தால் இன்னொன்றையும் மாற்ற வேண்டும்: கோப்பு ஏற்ற அது இயல்பாக அனுமதிக்கும் அளவு 1 எம்பிதான். போனில் எடுத்த ஒரு படத்தை யாராவது ஏற்றினால் 413 என்ற பிழை வரும். அவர் அதை உங்களிடம் சொல்ல மாட்டார். விக்கி சரியில்லை என்று முடிவு கட்டி மறுபடி வாட்ஸ்அப்புக்குப் போய்விடுவார்.

மொழி விஷயம் கிளம்பியது செல்லாரில். ஹைதராபாத்தில் கட்டடத்தில் தரைக்குக் கீழே இருக்கும் தளத்தை அப்படித்தான் சொல்வார்கள். ஜெனரேட்டரும் யுபிஎஸ் பேட்டரிகளும் பல இடங்களில் அங்கேதான் கிடக்கும். மின்சாரம் போனால் எந்த வரிசையில் எதைப் போட வேண்டும் என்று தெலுங்கில் ஒரு பக்கம் எழுதி, பிடிஎஃப் எடுத்து எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தோம். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் எழுத்தே இல்லையே சார், கட்டம்தான் இருக்கிறது" என்றார். திரையில் அழகாக இருந்த தெலுங்கு, பிடிஎஃப்பில் வரிசை வரிசையாக வெறும் கட்டங்கள்.

புக்ஸ்டேக் இயல்பாக டாம்பிடிஎஃப் என்ற பிஎச்பி நூலகத்தால் பிடிஎஃப் செய்கிறது. அதனுடன் வரும் எழுத்துருவில் தெலுங்கும் இல்லை, தமிழும் இல்லை. எழுத்துருவைச் சேர்த்தாலும் பாதிதான் தீரும். இந்திய எழுத்துகளுக்கு எழுத்துரு இருந்தால் போதாது, கோக்கத் தெரிந்திருக்க வேண்டும். 'கொ' என்று நாம் எழுதும்போது கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்கிறது. கணினிக்குள் அது ககரத்துக்கு அப்புறம் வரும் ஒரே குறி. அதை இரண்டாகப் பிரித்து இடம் மாற்றி வைக்கிற வேலையைச் செய்யாத நூலகம், கொம்பையும் காலையும் ககரத்துக்குப் பின்னாலேயே குவித்துவிடும். தெலுங்கில் மெய்க்குக் கீழே தொங்க வேண்டிய ஒத்து எழுத்துகள் பக்கத்தில் வந்து நிற்கும். பிரௌசர்களுக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும். எனவே தெலுங்கு, தமிழ், இந்திப் பக்கங்களை பிரௌசரின் பிரிண்ட் வழியாகவே பிடிஎஃப் எடுக்கச் சொல்லிவிட்டோம். எலக்ட்ரீஷியனுக்குப் படிக்க முடிந்தது. இந்திய மொழியில் ஒரு பக்கம் எழுதி, தேடி, அச்செடுத்துப் பார்க்காமல் எந்த விக்கியையும் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்.

சொந்த சர்வர் என்றால் சொந்தப் பொறுப்பு. 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாட்களுக்குப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறது. பாதுகாப்பு மீறல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தரவும் சொல்கிறது. கண்டெய்னர் உலகத்துக்கும் இந்த விதிக்கும் நேர் பகை. டாக்கர் இயல்பாக லாக்கை ஒரு ஜேசன் கோப்பில் எழுதும். வரம்பு கட்டாவிட்டால் அது வட்டு நிரம்பும்வரை வளரும். வரம்பு கட்டினால் பழையது அழியும். கண்டெய்னரைத் தூக்கிப் போட்டால் அதோடு லாக்கும் போய்விடும். நாங்கள் லாக்கை ஜர்னல்டிக்கு மாற்றி, அங்கிருந்து வேறொரு மெஷினுக்கு அனுப்புகிறோம். நேரத்தை என்ஐசி அல்லது என்பிஎல் நேர சர்வரோடு ஒத்து வைப்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. ஓட்டைகளை அடைப்பதும் நம் தலையில்தான். 2022 ஜூனிலும் 2023 அக்டோபரிலும் கான்ஃப்ளூயன்ஸில் கண்டறியப்பட்ட பெரிய ஓட்டைகள், சொந்த சர்வரில் வைத்திருந்தவர்களைத்தான் தூங்கவிடாமல் செய்தன. திறந்த மூலத்துக்கும் இது பொருந்தும். மாதம் ஒரு நாள் புதுப்பிப்புக்கென்று ஒதுக்க முடியாதவர்கள் கிளவுடுக்குப் பணம் கட்டுவதே மேல்.

பேக்கப் பற்றிப் பேசாமல் எந்த சிஸ்டம் அட்மினும் கட்டுரையை முடிக்க மாட்டார். எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பையன், விக்கி மெதுவாக இருக்கிறதென்று அதை நிறுத்தி மறுபடி எழுப்ப நினைத்தான். எங்கிருந்தோ எடுத்த 'டாக்கர் கம்போஸ் டவுன்' கட்டளையின் வாலில் 'மைனஸ் வி' என்று ஒட்டியிருந்தது. அந்த ஒரு எழுத்தின் பொருள், வால்யூம்களையும் சேர்த்து அழி என்பது. டாக்கர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. சில வினாடிகளில் இரண்டு வருஷக் குறிப்புகள் போயின. பையனைத் திட்டினார்கள், எழுதி வைக்கப்பட்ட முறை எதுவும் இல்லாத இடத்தில் அவனைத் திட்டி என்ன பயன்? அதைக் கேட்ட பிறகு, டாக்கர் பெயர் வைத்து நிர்வகிக்கும் வால்யூம்களில் நான் தரவை வைப்பதில்லை. ஹோஸ்டின் ஒரு சாதாரண அடைவை நேராகக் கண்டெய்னருக்குள் இணைத்துவிடுகிறேன். அந்த 'மைனஸ் வி' அதைத் தொடாது.

ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகல் எடுப்பது பேக்கப் ஆகாது. பாதி எழுதிய நிலையில் பிடிபட்டால் திறக்காது. மரியாடிபியின் டம்ப் கட்டளையை இரவில் கிரானில் ஓட்ட வேண்டும். அதோடு ஏற்றிய படங்கள் இருக்கும் அடைவு, கம்போஸ் கோப்பு, ரகசியங்கள் இருக்கும் சூழல் கோப்பு ஆகியவையும் போக வேண்டும். இந்தக் கடைசிக் கோப்பைத்தான் பலர் மறக்கிறார்கள். அதில் இருக்கும் ஆப் கீ இல்லாமல் தரவுத்தளம் மட்டும் மீண்டால், இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்கள் உள்ளே வர முடியாது; அவர்களுடைய ரகசிய எண்கள் அந்தச் சாவியால்தான் பூட்டப்பட்டிருக்கின்றன. 2020 அக்டோபர் 13-ஆம் தேதி பெய்த மழையில் இந்த நகரத்தின் எத்தனையோ செல்லார்களில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்தவர்கள் பேக்கப்பை அதே கட்டடத்தில் வைக்க மாட்டார்கள். எங்களுடையது ஒவ்வொரு இரவும் குறியாக்கம் செய்யப்பட்டு வேறு ஊருக்குப் போகிறது.

விக்கி விழுந்தால் எப்படி மீட்பது என்ற பக்கத்தையும் நம் ஆட்கள் விக்கியிலேயே எழுதுவார்கள். அந்த ஒரு பக்கம் காகிதத்தில் அச்சடித்து ரேக்கின் கதவில் ஒட்டியிருக்க வேண்டும். எங்கள் ரேக்கில் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு பதிப்பு மாற்றத்துக்கும் பிறகு தாள் மாறும்.

கடைசியாக, எழுத வைப்பது. சாஃப்ட்வேர்காரர்கள் எழுதச் சோம்பல்படுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வதுண்டு; நான் அப்படி நினைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அவர்கள் நாள் முழுக்க எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதே பதிலை விக்கியில் எழுதி இணைப்பை மட்டும் குரூப்பில் போடுவது என்று ஒரு வழக்கம் வைத்தோம். மேனேஜரும் அதை மீறக் கூடாது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் பொறுப்பாளர் ஒருவர் பெயர் உண்டு. புதிதாகச் சேருகிறவருக்கு முதல் வாரத்து வேலை, லேப்டாப் அமைக்கும் பக்கத்தைப் படித்து அதன்படியே செய்து, தவறாக இருக்கும் வரியைத் திருத்துவது. பழைய ஆட்களின் கண்ணில் படாத தவறுகளை அவர்கள்தான் பிடிக்கிறார்கள்.

உங்கள் அலுவலகத்துக்கோ சங்கத்துக்கோ விக்கி போட நினைத்தால் தயங்காமல் போடுங்கள். மென்பொருள் இலவசம், பழைய மெஷின் ஒன்று போதும். விக்கி தயார் என்று மேலிடத்துக்கு மெயில் அனுப்புவதற்கு முன்னால் மட்டும் ஒரு காரியம் செய்யுங்கள். வேறொரு மெஷினில், நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது, காகிதத்தில் இருப்பதை மட்டும் பார்த்து, உங்கள் ஜூனியர் ஒருவர் பேக்கப்பிலிருந்து அதை மீட்டுக் காட்டட்டும். அவரால் முடிந்தால் மெயிலை அனுப்புங்கள். முடியாவிட்டால் நிறுவும் வேலை இன்னும் பாக்கியிருக்கிறது.